தேயிலைக்கு மேலே ஒரு காடு

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களிடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஸ்ட்ராபெரி பறித்தோம், அவித்த சோளம் சாப்பிட்டோம், தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்தோம், பிரிஞ்சாங் வழியில் ஜாமில் நின்றோம் என்பார்கள். இதில் மூன்று காசுக்கு, நான்காவது இலவசம். காட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் படத்தில் கறுப்பாகத் தெரிகிறதே, அதுதான் காடு. நம் ஆட்களின் கேமரன் படங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கும், வெறும் பின்னணியாக.

ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஏறினால் எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் கேமரன் வந்துவிடும். அதனால் சின்ன வயதிலிருந்தே பள்ளி விடுமுறைக்கு, தைப்பூசம் முடிந்த கையோடு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு என்று ஏதாவது சாக்கில் போய்க்கொண்டே இருக்கிறேன். இந்த மலையைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கருத்துதான். அது தேயிலையால் பிழைக்கிற மலை அல்ல, தேயிலைக்கு மேலே இருக்கும் காட்டால் பிழைக்கிற மலை. சுற்றுலாவும் அந்தக் காட்டை நம்பித்தான் இனி நடக்க வேண்டும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர் இந்தப் பக்கம் வந்து ஒரு பீடபூமியைப் பார்த்ததாகக் குறித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நாற்பது வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1925-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான், ஊட்டி, நுவரெலியா போல இங்கேயும் ஒரு மலைவாசஸ்தலம் என்ற பேச்சு சூடு பிடித்தது. தாப்பாவிலிருந்து சாலை போட்டார்கள். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ. பி. மில்ன் என்பவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். நாலு வருடம் கழித்து, 1933-இல், பாரத் தோட்டம் வந்தது. இதைத் தொடங்கியவர் வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்துக்காரர். வெட்டியதும் நட்டதும் பெரும்பாலும் நம் ஆட்கள். ஒரே ஒரு ஸ்டீம் ரோலர், சில கோவேறு கழுதைகள், மிச்சமெல்லாம் கைவேலை என்றுதான் அந்தக் காலத்தைச் சொல்கிறார்கள். அந்தக் கைகள் யாருடையவை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தேயிலை ஒன்றும் காடு அல்ல. வெட்டாமல் விட்டால் மரமாக வளரக்கூடிய செடியை, கொழுந்து எடுத்தும் கவ்வாத்து செய்தும் இடுப்பளவிலேயே வைத்திருக்கிறோம். ஒரே வகைச் செடி, மலைமலையாக. ஆனால் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். தேயிலையின் வேர் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் நட்ட செடியில் இன்றும் கொழுந்து எடுக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மண்ணைக் கிளறும் காய்கறித் தோட்டத்தோடு இதை ஒன்றாக வைத்துப் பேச முடியாது. தோட்டக்காரர்கள் மலை முகட்டில் அங்கங்கே பழைய காட்டைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். செங்குத்தான இடத்தில் பயிர் வைத்து லாபமில்லை என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். காரணம் எதுவானாலும் காடு மிஞ்சியது.

சுங்கை பாலாஸ் தோட்டத்தைத் தாண்டி, குறுகலான அந்தத் தார்ச்சாலையில் இன்னும் மேலே ஏறினால் பிரிஞ்சாங் மலை. உயரம் 2,000 மீட்டருக்கு மேல். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள். பக்கத்திலேயே ஈராவ் மலை, 2,110 மீட்டர். இந்த இரண்டு மலைக்கும் நடுவில்தான் பாசிக்காடு.

பாசிக்காட்டுக்குள் ஒருவர் முதல்முறை நுழையும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். மரங்கள் குள்ளமாக, முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு மரத்தில்கூட பட்டை தெரியாது. அடியிலிருந்து கிளை நுனிவரை பச்சைப் பாசி, அதன்மேல் பெரணி, அதன்மேல் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பூத்த ஆர்க்கிட். தரை என்று நாம் மிதிப்பது தரையே அல்ல. உதிர்ந்த இலையும் செத்த வேரும் குளிரில் மக்காமல் சேர்ந்து போன மெத்தை. ஒரு முறை மழையே இல்லாத காலையில் அங்கே ஒரு கிளையில் கையை வைத்து லேசாக அழுத்தினேன். மணிக்கட்டு வரை நனைந்துவிட்டது. அது மேகத்திலிருந்து வந்த தண்ணீர். இந்த உயரத்தில் மேகம் காட்டுக்குள்ளேயே நடமாடுகிறது. பாசி அதிலிருந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒரு ஸ்பாஞ்சைப் போல, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறது. பெர்த்தாம், தெலோம் ஆறுகள் மழையில்லாத வாரங்களிலும் ஓடுவதற்குப் பின்னால் இந்தக் காட்டுக்கும் பங்கு உண்டு.

அதே மரங்களின் அடியில் குனிந்து பார்த்தால் குடுவைச் செடி தொங்கும். நெப்பந்தஸ் மாக்ஃபார்லனி என்பது தீபகற்ப மலேசியாவின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத இனம். மண்ணில் சத்து கிடையாது, அதனால் இலை நுனியைக் குடுவையாக்கிப் பூச்சி பிடிக்கிறது. மூடியின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள், முள்முள்ளாக மயிர் இருக்கும். இந்த இனத்துக்கு அதுவே அடையாளம். உள்ளே எட்டிப் பார்த்தால் மூழ்கிய எறும்புகள், கூடவே உயிரோடு நெளியும் கொசுப் புழுக்கள். எல்லாவற்றையும் செரிக்கிற தண்ணீரில் இந்தப் புழு மட்டும் சொகுசாகக் குடித்தனம் நடத்துகிறது. என் அக்கா மகன் அரை மணி நேரம் ஒரே குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் அவன் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை.

பறவைகளுக்கு வருவோம். இங்கே பறவை பார்க்கக் காட்டுக்குள் போகவேண்டும் என்றுகூட இல்லை. மலையில் ராத்திரி எரியும் விளக்குகளுக்கு விட்டில்கள் கூட்டம் கூட்டமாக வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கை அகலம் உள்ளவையும் உண்டு. விடியற்காலையில், விளக்கு அணைவதற்கு முன்னால், அந்தச் சுவருக்கு எதிரே ஒரு கோப்பை தே ஓவோடு உட்கார்ந்தால் போதும். வெள்ளிக்காது மெசியா வரும். மஞ்சள் நெஞ்சு, கறுப்புத் தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி கன்னம், இறக்கையில் சிவப்பு. அது விட்டிலைக் கொத்தி, கம்பியில் இரண்டு தட்டுத் தட்டி, இறக்கையை உதறிவிட்டு விழுங்கும். பின்னாலேயே சிரிப்பான்கள் சத்தம் போட்டுக்கொண்டு வரும். நீலகிரியில் பார்க்கும் சிரிப்பானுக்குத் தூரத்துச் சொந்தம். இன்னும் உள்ளே, மனிதச் சத்தம் கேட்காத சரிவுகளில், மலை மயில்கோழி இருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் நடுமலைத் தொடரைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை. நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்ன சிலரை நம்புகிறேன், சிலரை நம்பவில்லை.

தாப்பா சாலையில் கீழே இறங்கினால் உலகமே மாறிவிடும். உயரம் குறையக் குறைய மரம் பெரிதாகும், காற்று கனமாகும். ஆற்றங்கரை ஈரமணலில் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து உப்புச் சத்தை உறிஞ்சும். கறுப்பு இறக்கையில் பளிச்சென்று பச்சை. மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சி. ஒரே சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்குள் சமவெளிக் காட்டிலிருந்து மேகக்காடு வரை ஏறிவிடலாம் என்பது எத்தனை பெரிய சொத்து! இதை வைத்துக்கொண்டு நாம் பிளாஸ்டிக் ஸ்ட்ராபெரித் தொப்பி விற்றுக்கொண்டிருக்கிறோம்.

இனி கசப்பான பகுதி.

கம்போங் ராஜா பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மலைச்சரிவு முழுக்க பிளாஸ்டிக் கூரை. வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தால் ஏரி மாதிரி மின்னும். மழைத் தண்ணீர் மண்ணில் இறங்க வழியில்லை, கூரையிலிருந்து வழிந்து, வெட்டிய மண்ணையும் அரித்துக்கொண்டு நேரே ஆற்றுக்கு வருகிறது. பெர்த்தாம் ஆற்றை நல்ல மழைக்குப் பிறகு பாருங்கள், தே தாரிக் நிறம். அந்த மண் எல்லாம் ரிங்லெட்டில் இருக்கும் சுல்தான் அபு பக்கார் அணைக்குப் போய்ச் சேருகிறது. மின்சாரத்துக்காக 1960-களில் கட்டிய அணை. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் வண்டல் நிற்கிறது. தூர் வாருகிறார்கள், மறுபடி நிறைகிறது. 2013 அக்டோபரில் கனமழையில் அணை நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து உயிர்கள் போயின. அடுத்த வருடம் நவம்பரில் மண்சரிவு, மறுபடி உயிர்ப்பலி. அந்தச் சமயத்தில் கேமரன் மலையின் நாடாளுமன்ற உறுப்பினரும் நாட்டின் இயற்கை வள, சுற்றுச்சூழல் அமைச்சரும் ஒருவரே, நம் ஜி. பழனிவேல். இத்தனை வசதியாகப் பொறுப்பு ஒரே இடத்தில் சேர்ந்தும் மலை சரிந்தது. அனுமதியில்லாத தோட்டங்களை அகற்றும் நடவடிக்கை அதற்குப் பிறகுதான் வேகமெடுத்தது.

விவசாயிகளை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க நான் தயாராக இல்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் மலிவாகக் கீரை வேண்டும் என்கிறோம், சனி ஞாயிறில் மலையில் அறை வேண்டும் என்கிறோம். இரண்டுக்கும் சரிவைத்தான் வெட்டுகிறார்கள். சுற்றுலாவும் காட்டைத் தின்கிற தொழில்தான், முறையாகச் செய்யாவிட்டால். ஈராவ் மலைப்பாதையில் ஆட்கள் ஏறி ஏறி வேர்களெல்லாம் வெளியே வந்து, முழங்கால் அளவு சேற்றுக் குழிகள் ஆகியிருப்பதை ஏறியவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பாசி வளரப் பல வருடம் ஆகும், ஒரு செருப்புக் காலுக்கு ஒரு நொடி போதும். பாசிக்காட்டில் மரப்பலகைப் பாதை போட்டது அதனால்தான். அந்தப் பலகையிலிருந்து இறங்கிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கெட்ட வார்த்தை வருகிறது, இங்கே எழுத முடியாது.

அப்படியானால் எப்படிச் செய்வது? மலை தாண்டி கிளந்தான் எல்லையில் லோஜிங் இருக்கிறது. அங்கே ரஃப்ளீசியா பூக்கும். அரை மீட்டருக்கு மேல் அகலம், மாமிசச் சிவப்பு, அழுகல் வாடை. இலை, தண்டு, வேர் எதுவும் இல்லாமல் ஒரு காட்டுக்கொடிக்குள் ஒட்டுண்ணியாகக் கிடந்து, மொட்டாகவே பல மாதம் இருந்து, பூத்தால் ஒரு வாரத்துக்குள் கறுத்துவிடும். முன்பெல்லாம் பிள்ளை பெற்ற பெண்களுக்கு மருந்தாகும் என்று மொட்டையே பறித்துவிடுவது வழக்கம். இப்போது அங்குள்ள பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்கள் எந்த மொட்டு எப்போது விரியும் என்று கணக்கு வைத்திருந்து, தானா ராத்தாவிலிருந்து ஜீப்பில் வருகிறவர்களைக் கூட்டிப் போய்க் காட்டுகிறார்கள். பறித்தால் ஒரு முறை காசு, விட்டுவைத்தால் பூத்த நாளெல்லாம் வருமானம். சுற்றுச்சூழல் சுற்றுலா என்று மாநாடு போட்டுப் பேசுவதெல்லாம் கடைசியில் இந்தக் கணக்குத்தான். ஆனால் அதே லோஜிங்கில் காட்டை வெட்டிக் காய்கறி போடுவதும் நடக்கிறது. கொடி போனால் பூவும் போகும்.

கேமரன் இருக்கும் அதே பகாங்கில்தான் பிரேசர் மலையும் இருக்கிறது. அங்கே 1988-லிருந்து சர்வதேசப் பறவைப் போட்டி நடத்துகிறார்கள். வெளிநாட்டிலிருந்து பறவை பார்க்க வருகிறவர்கள் தேடிப்போகும் வழிகாட்டிகளில் ஒருவர் தமிழர். அந்த மலையில் ஸ்ட்ராபெரி கிடையாது, ராத்திரிச் சந்தை கிடையாது, ஆனாலும் ஆட்கள் தங்கிச் செலவழிக்கிறார்கள். கினபாலு மலையில் வழிகாட்டி இல்லாமல் ஏறவே முடியாது, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வேறு. யாரும் அதற்காகக் கினபாலுவை வெறுக்கவில்லை. முன்பதிவுக்கு அடித்துக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் வால்பாறையைப் பார்த்தால் இன்னொரு பாடம் இருக்கிறது. அங்கேயும் தேயிலைதான், நடுநடுவே துண்டு துண்டாக மழைக்காடு. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தோட்டக் கம்பெனிகளோடு பேசி, அந்தத் துண்டுகளில் அந்த மண்ணின் மரங்களையே பல வருடமாக நட்டு வருகிறார்கள். யானை எங்கே நிற்கிறது என்று தொழிலாளர்களுக்குக் கைபேசியில் செய்தி போகும், சிவப்பு விளக்கு எரியும். அதற்காக அந்த ஆய்வாளர்களில் ஒருவரான ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. கேமரன் மலையில் இப்படி யாரும் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ரீச் என்ற உள்ளூர் அமைப்பு 2001-லிருந்து இயங்குகிறது. அதை முன்னின்று நடத்தியவர் ராமகிருஷ்ணன், நம்மவர். பிரிஞ்சாங் மலையில் வெட்டி மொட்டையாக்கிய இடங்களில் ஒராங் அஸ்லி மக்களோடு சேர்ந்து மரம் நடுகிறார்கள், ஆற்று மாசைப் பற்றி விடாமல் குரல் கொடுக்கிறார்கள். பெரிய பணம் இல்லாத வேலை. இதற்கு ஒரு தோட்டக் கம்பெனியோ ஹோட்டல்காரர்கள் சங்கமோ முழுமனதோடு தோள் கொடுத்தால் பத்து வருடத்தில் மலையின் முகம் மாறும்.

போன தடவை எங்களைக் கூட்டிப்போன லேண்ட் ரோவர் டிரைவர் லயத்தில் பிறந்து வளர்ந்த பையன். முப்பது வயது இருக்கும். பாதையோரம் ஒரு இலையைக் கிள்ளி நீட்டினான்.

"கசக்கி மோந்து பாருங்கண்ணே."

பட்டை வாசம். காட்டு லவங்கப்பட்டை மரம்.

"இத யாரு சொல்லிக் கொடுத்தா?"

"ஒரு செமாய் அண்ணன், ஒராங் அஸ்லி. அவரு கூடவே ரெண்டு வருஷம் சுத்துனேன். வழிகாட்டி லைசன்ஸ் எடுக்கணும்ணே, கோர்ஸுக்குத்தான் காசு சேக்குறேன்."

அன்றைக்கு மாலை தோட்டத்துக் கோயில் திண்ணையில் ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். "அந்தக் காட்டுக்குள்ள நாங்க வெறகுக்குப் போவோம் தம்பி. இப்ப அந்தப் பக்கம் போறதெல்லாம் வெள்ளக்காரங்கதான். நம்ம புள்ளைங்க எல்லாம் கேஎல்ல இருக்கு" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. கொழுந்து எடுப்பதற்கு இன்று பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தோட்ட வேலைக்கு நம் பிள்ளைகள் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்தக் காட்டைப் பெயர் சொல்லிக் காட்டுகிற வேலைக்கு இவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் வாயில் இருக்கிறது, மலை காலில் இருக்கிறது. இதற்கான பயிற்சிக் கட்டணத்தை யாராவது ஏற்றுக்கொண்டால் போதும். கோயில் திருவிழாவுக்கு வசூலிக்கும் நம் சங்கங்கள் வருடம் ஐந்து பேருக்குக் கட்டலாமே.

ஒராங் அஸ்லி மக்களையும் டிக்கெட் கிழிக்கும் ஆட்களாக நிறுத்திவிடக் கூடாது. 1967 மார்ச்சில் தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்ப்சன் தானா ராத்தாவில் நடக்கப்போய்க் காணாமல் போனபோது, போலீசும் ராணுவமும் தேடியது போதாமல் இவர்களைத்தான் அழைத்தார்கள். அவர் கிடைக்கவில்லை, அது வேறு கதை. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் இதே கேமரன் மலைத் தொகுதியில்தான் ரம்லி முகமட் நோர் வென்றார். ஒராங் அஸ்லி சமூகத்தவர் ஒருவர் மக்களவைக்குத் தேர்வானது அதுவே முதல்முறை. எந்தக் காட்டுப்பாதையைத் திறக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்று முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி வேண்டும். கட்டணத்தில் பங்கும் வேண்டும்.

நீங்கள் அடுத்த முறை போகும்போது திங்கள் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள் பார்த்துப் போங்கள். ஒரு காலையை முழுதாகக் காட்டுக்கு ஒதுக்குங்கள். லைசன்ஸ் உள்ள வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள், பேரம் பேசாதீர்கள். பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள். கடைசியாக ஒன்று, இதை மட்டுமாவது செய்யுங்கள்: சாலையோரக் கடைகளில் காட்டிலிருந்து பிடுங்கி வந்த ஆர்க்கிட், குடுவைச் செடி, கண்ணாடிப் பெட்டியில் ஊசி குத்திய வண்ணத்துப்பூச்சி எதையும் வாங்காதீர்கள். அந்த ஆர்க்கிட் ஈப்போ வெயிலில் எப்படியும் ஒரு மாதம் தாங்காது.